கசியாஸ் உண்மையிலேயே பெரிய கோல்கீப்பரா, நல்ல அணிகளால் பெரியவர் ஆனவரா?

கேள்வி இது: "பழைய ஆட்டங்களை இப்போதுதான் தேடித் தேடிப் பார்க்கிறேன். இகர் கசியாஸை ஒரு சாரார் தலைசிறந்த கோல்கீப்பர் என்கிறார்கள். இன்னொரு சாரார், ரியல் மாட்ரிட்டிலும் ஸ்பெயினிலும் அவருக்கு முன்னால் நின்றவர்களால் பெயர் வாங்கியவர், உயரம் போதாது, காலில் பந்து நிற்காது என்கிறார்கள். எது சரி?"

இரண்டாம் பாதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர்கள் சொல்லும் குறைகள் உண்மைதான். கசியாஸ் ஆறடிக்குச் சற்றே மேல். கோல்கீப்பருக்கு அது குறைவு. பக்கவாட்டிலிருந்து உயரமாக வரும் கிராஸ்களுக்கு வெளியே போய்ப் பந்தைப் பறிப்பது அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. காலால் பந்தைக் கொடுத்து வாங்குவதிலும் சுமார்தான். ஆனால் இதை வைத்து, அணிதான் அவரைக் காப்பாற்றியது என்று முடிவு கட்டுவது தவறு. ரியல் மாட்ரிட்டில் பல வருடங்கள் நடந்தது அதற்கு நேர்மாறு.

நானும் கல்லூரி நாட்களில் கோல்கம்பங்களுக்கு நடுவே நின்றவன். ஒரு ஸ்ட்ரைக்கர் தனியாகப் பந்தோடு ஓடிவரும்போது மிகக் கடினமான காரியம் எது தெரியுமா? எதுவும் செய்யாமல் நிற்பது. உடம்பு முன்கூட்டியே விழச் சொல்லும். ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்துவிட்டால் கடமை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி கிடைக்கும். கசியாஸ் அந்த நிம்மதியைத் தள்ளிப்போடத் தெரிந்தவர். மற்றவர்கள் விழுந்த பிறகும் அரை நொடி காலில் நிற்பார். முடிவெடுக்கும் பாரத்தை எதிராளியிடமே விட்டுவிடுவார். பந்து காலைவிட்டுக் கிளம்பிய பிறகு அசைந்தும் அதை எட்டிவிடும் வேகம் அவரிடம் இருந்தது. கோல் கோட்டிலும் அதை ஒட்டிய சில கெஜங்களிலும் அவரைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவருடைய ஏற்றம் முழுக்க அந்த இடத்தில்தான் நடந்தது. இறக்கம் வந்தது அந்த இடத்தைவிட்டு வெளியே வந்தபோது.

பிறந்தது 1981 மே 20, மாட்ரிட்டை ஒட்டிய மோஸ்தோலெஸ் என்ற தொழிலாளர் ஊரில். அப்பா அரசு ஊழியர், அம்மா சிகை அலங்காரம் செய்பவர். சிறுவயதுக் கதை ஒன்று ஸ்பெயினில் பலருக்கும் தெரியும். கால்பந்து முடிவுகளைக் கணித்துப் பணம் கட்டும் சீட்டு அங்கே உண்டு. ஒரு வாரம் அப்பா எல்லா ஆட்டங்களையும் சரியாகக் கணித்துவிட்டார். ஆனால் சீட்டைக் கொண்டுபோய்க் கட்டச் சொல்லியிருந்த மகன் மறந்துவிட்டான். பெரும் பரிசு போயிற்று.

ஒன்பது வயதில் ரியல் மாட்ரிட்டின் சிறுவர் அணியில் சேர்ந்தார். 1997 நவம்பரில், 16 வயதுப் பள்ளி மாணவனை வகுப்பிலிருந்து கூப்பிட்டு, உடனே விமான நிலையத்துக்குப் போ என்றார்கள். பெரிய அணி நார்வேயின் ரோசன்போர்க் அணியோடு, ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்குக் கிளம்புகிறது, மாற்று கோல்கீப்பர் இல்லை. அன்று பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். களம் இறங்கியது 1999 செப்டம்பர் 12 அன்று, பில்பாவோவின் சான் மமேஸ் மைதானத்தில், 2-2 என்று முடிந்த ஆட்டத்தில். முதல் கோல்கீப்பர் போடோ இல்க்னருக்குக் காயம். பயிற்சியாளர் ஜான் டோஷாக் 18 வயதுப் பையனை நிறுத்தினார். டோஷாக் போய் வின்சென்ட் தெல் போஸ்கே வந்தார். அந்தப் பருவம் முடியும்போது, 2000 மே 24 அன்று, பாரிஸில் வலென்சியாவை 3-0 என்று வென்ற சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கசியாஸ் கோலில் நின்றார். 19 வயது முடிந்து நான்கே நாள். அந்த இறுதியில் அவ்வளவு சின்ன வயதில் அதுவரை எந்த கோல்கீப்பரும் ஆடியதில்லை.

இத்தோடு நிறுத்தினால் அதிர்ஷ்டக்காரப் பையன் கதையாகிவிடும். ரெண்டே வருடத்தில் இடம் போயிற்று. 2001-02 பருவத்தின் பிற்பாதியில் தெல் போஸ்கே அவரை உட்காரவைத்துவிட்டு சேசர் சாஞ்சஸை ஆடவைத்தார். காரணம் அப்போதும் அதேதான்: கிராஸ்கள். 2002 மே 15, கிளாஸ்கோவில் ஜெர்மனியின் பேயர் லெவர்குசனோடு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ஜினடின் ஜிதான் இடது காலால் அந்தரத்தில் அடித்த அந்த கோலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் 2-1. 68-வது நிமிடத்தில் சேசருக்குக் காயம். பெஞ்சிலிருந்து எழுந்த கசியாஸ் சட்டைக் கையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு உள்ளே போனார். கடைசி நிமிடங்களில் லெவர்குசன் அலை அலையாக வந்தது. அடுத்தடுத்து மூன்று முறை தடுத்தார். அதில் ஒன்று பெர்பட்டோவின் அடியைக் காலால். விசில் ஊதியதும் தரையில் உட்கார்ந்து அழுதார். ஜிதானின் கோலை நூறு முறை காட்டுகிறார்கள். அந்தக் கோலுக்கு மதிப்பு இருக்கும்படி பார்த்துக்கொண்டது இந்த இருபது நிமிடம்தான் என்பது என் எண்ணம்.

அதற்குச் சில நாள் கழித்து இன்னொரு கதவு திறந்தது. ஸ்பெயினின் முதல் கோல்கீப்பர் சந்தியாகோ கன்யிசாரஸ், தங்கியிருந்த அறையில் வாசனைத் திரவியப் பாட்டிலைக் காலில் போட்டுக்கொண்டு தசைநார் அறுந்து 2002 உலகக் கோப்பைக்குப் போக முடியாமல் ஆனார். கசியாஸ் உள்ளே வந்தார். அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில், ஆட்ட நேரத்தில் இயன் ஹார்ட்டின் பெனால்டியைத் தடுத்தார். பிறகு, சமனான ஆட்டத்தைப் பெனால்டிகளால் தீர்க்கும் ஷூட்-அவுட்டில் இன்னும் இரண்டு. 'புனித இகர்' என்ற செல்லப்பெயர் ஸ்பெயின் முழுவதும் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆட்டத்தில் தென் கொரியாவிடம் ஷூட்-அவுட்டிலேயே தோற்று ஊர் திரும்பினார்கள். அந்தத் தேதியை நினைவில் வையுங்கள்: ஜூன் 22.

இப்போது "நல்ல அணி காப்பாற்றியது" என்ற வாதத்துக்கு வருகிறேன். 2003-க்குப் பிறகான ரியல் மாட்ரிட்டைப் பாருங்கள். ஜிதான், ஃபிகோ, ரொனால்டோ, ராவுல், பெக்கம் எல்லோரும் இருந்தார்கள். நடுக்களத்தில் தடுப்பு வேலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த க்ளோட் மகெலேலேவை விற்றுவிட்டார்கள். தடுப்பு ஆட்டக்காரர்களுக்குப் பணம் செலவழிக்க மனமில்லை. உள்ளூர்ப் பையன்களை வைத்துச் சமாளிக்கலாம் என்பது அப்போதைய கொள்கை. இடப்பக்கத் தடுப்பாளர் ராபர்ட்டோ கார்லோஸ் முன்னேறிப் போனால் இடப்பக்கம் திறந்த வெளி. 2003-04 பருவத்தில் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று நான்காம் இடத்தில் முடித்தார்கள். அந்த வருடங்களின் ஆட்டங்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்: எதிரணி ஆள் ஒருவர் கசியாஸை நோக்கித் தனியாக ஓடிவரும் காட்சி திரும்பத் திரும்ப வரும். முன்னால் நின்றவர்கள் அவரைக் காக்கவில்லை. அவர்கள் திறந்துவிட்ட வழியையெல்லாம் அடைத்தது அவர்தான். ஒருவரை ஒருவர் சந்திக்கும் அந்தக் கலையில் அவர் தேறியதற்கு அந்த வருடங்களின் பயிற்சியே காரணம் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

ஸ்பெயின் அணியில் நிலைமை வேறு. சவி, இனியெஸ்டா கூட்டம் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டதால் கோலை நோக்கிப் பந்து வருவதே அபூர்வம். இதைத்தான் விமர்சிப்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பந்து வராத அணியில் கோல்கீப்பராக நிற்பது சுலபம் இல்லை. அறுபது நிமிடம் சும்மா நின்று உடம்பு குளிர்ந்திருக்கும். திடீரென்று ஒரே ஒரு பந்து வரும், அதுவும் சுத்தமான வாய்ப்பாக வரும். அதை விட்டால் ஆட்டமே போச்சு, ஏனென்றால் அந்த ஸ்பெயின் பெரும்பாலும் 1-0 என்றுதான் ஜெயித்தது.

ஒரு கணக்கு சொல்கிறேன். யூரோ எனும் ஐரோப்பிய நாடுகளின் கோப்பை 2008, உலகக் கோப்பை 2010, யூரோ 2012 மூன்றையும் ஸ்பெயின் வென்றது. குழு ஆட்டங்களை விட்டுவிட்டு, தோற்றால் வெளியே என்ற ஆட்டங்களை மட்டும் எண்ணுங்கள்: பத்து. அந்தப் பத்திலும் கசியாஸ் கோலில் நின்றார். வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை.

அதில் முதல் ஆட்டம் 2008-ல் வியன்னாவில் இத்தாலிக்கு எதிரான காலிறுதி. தேதி மறுபடி ஜூன் 22. 1986-ல் பெல்ஜியம், 1996-ல் இங்கிலாந்து, 2002-ல் தென் கொரியா என்று ஸ்பெயின் மூன்று முறை ஷூட்-அவுட்டில் தோற்றதும் இதே தேதியில்தான். ஸ்பெயின்காரர்களுக்கு அது சாபம் பிடித்த நாள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. இடையில் கமோரனேசியின் அடியைக் காலால் தடுத்திருந்தார். ஷூட்-அவுட்டில் எதிர்க்கோலில் நின்றவர் ஜியான்லூயிஜி பஃபோன். கசியாஸ் தெ ரோசியையும் தி நத்தாலேயையும் தடுத்தார், கடைசிப் பெனால்டியை ஃபாப்ரெகாஸ் உள்ளே போட்டார். ஒரு வாரம் கழித்துக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் கசியாஸ்.

அந்த மேடையில் இன்னொன்று நடந்தது. ஸ்பெயின் அதற்கு முன் ஐரோப்பிய இறுதிக்கு வந்தது 1984-ல். அன்று லூயிஸ் அர்கோனடா என்ற அருமையான கோல்கீப்பர் மிஷெல் பிளாட்டினியின் ஃபிரீ கிக்கைப் பிடித்தும் உடம்புக்கு அடியில் நழுவவிட்டார். ஒரு வாழ்நாளின் நல்ல ஆட்டமெல்லாம் போய், அந்த ஒரு நழுவல்தான் மக்கள் மனதில் நின்றது. 2008-ல் மூன்றாம் கோல்கீப்பராக இருந்த ஆந்த்ரேஸ் பலோப், அர்கோனடா 1984-ல் அணிந்த சட்டையையே போட்டுக்கொண்டு பதக்கம் வாங்க மேடையேறினார். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பின் தலைவராக அங்கே நின்றவர் அதே பிளாட்டினி. கோல்கீப்பர்கள் ஒருவரை ஒருவர் மறப்பதில்லை. எனக்கு அந்த யூரோவில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

2010 தென் ஆப்பிரிக்கா. முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 0-1 தோல்வி. கசியாஸின் காதலி சாரா கார்போனெரோ தொலைக்காட்சி நிருபர். மைதான ஓரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவரால்தான் கேப்டனின் கவனம் சிதறியது என்று சில பத்திரிகைகள் எழுதின. அபத்தமான, அநியாயமான குற்றச்சாட்டு. அதற்குப் பதில் காலிறுதியில் வந்தது. பராகுவேயின் கார்டோசோ அடித்த பெனால்டியை இடப்பக்கம் பாய்ந்து கையோடு பிடித்துவிட்டார். எந்தப் பக்கம் அடிப்பார் என்று முன்பே சொல்லிக் கொடுத்தவர் மாற்று கோல்கீப்பர் பெப்பே ரெய்னா. ஆட்டம் முடிந்ததும் கசியாஸ் அதை வெளிப்படையாகச் சொல்லி நன்றி தெரிவித்தார். வேறு எந்தப் பெரிய அணியிலும் முதல் கோல்கீப்பராக இருந்திருக்க வேண்டியவர் ரெய்னா. ஆண்டுக்கணக்காகப் பெஞ்சில் உட்கார்ந்து அப்படி உதவினார் என்பதும் இந்தக் கதையில் சேர்த்தி.

இறுதி ஆட்டம், ஜூலை 11, நெதர்லாந்து. நம் கடிகாரத்தில் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கியது. 62-வது நிமிடம், ஸ்னைடர் நடுவே ஒரு பந்தைப் போட, ஆர்யன் ராபன் தனியாக ஓடினார். பின்னால் யாரும் எட்ட முடியாத தூரம். கசியாஸ் முன்னால் வந்து காத்திருந்தார், காத்திருந்தார், கடைசியில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ராபன் மறுபக்கம் அடித்தார். பின்தங்கிக் கிடந்த வலது காலின் பூட்ஸ் நுனியில் பட்டுப் பந்து வெளியே போனது. அதிர்ஷ்டம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்கூட்டியே முழுசாகப் பாய்ந்தவருக்குக் கால் அங்கே இருந்திருக்காது. அந்த அரை நொடி காத்திருப்புதான் காலை அங்கே விட்டுவைத்தது. 83-வது நிமிடத்தில் ராபன் ஸ்பெயினின் தடுப்பாளர் பூயோலைத் தாண்டி மறுபடி வந்தார். இந்த முறை அவர் காலடியிலேயே விழுந்து பந்தை எடுத்துக்கொண்டார். 116-வது நிமிடத்தில் இனியெஸ்டா கோல் அடித்தபோது, மறுகோடியில் தனியாக நின்ற கசியாஸ் அழுதுகொண்டிருந்தார். ஏழு ஆட்டங்களில் வாங்கியது இரண்டே கோல். போட்டியின் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருது அவருக்கு.

2012 யூரோவிலும் ஒரே ஒரு கோல்தான். அப்புறம் அதே வருடக் கடைசியில் சறுக்கல் ஆரம்பித்தது.

அப்போதைய ரியல் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோவோடு நடந்தது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால்: 2011-ல் ரியல், பார்சிலோனா மோதல்கள் கைகலப்புவரை போய், தேசிய அணியே உடையும் நிலை வந்தது. கசியாஸ் தொலைபேசியை எடுத்து, பார்சிலோனாவில் ஆடிய சவியிடமும் பூயோலிடமும் பேசிச் சமாதானம் செய்தார். ஸ்பெயின் அவரையும் சவியையும் சேர்த்து 2012-ல் ஆஸ்டூரியாஸ் இளவரசர் விருது கொடுத்துப் பாராட்டியது. மொரின்யோவுக்கு அந்த நெருக்கம் பிடிக்கவில்லை. 2012 டிசம்பர் 22 அன்று மலாகாவில் கசியாஸை உட்காரவைத்து ஆண்டோனியோ அடானை இறக்கினார்; ரியல் 3-2 என்று தோற்றது. ஒரு மாதத்தில், வலென்சியாவுக்கு எதிரான ஆட்டத்தில், தன் அணிக்காரர் அர்பெலோவாவின் கால் பட்டுக் கசியாஸின் கை எலும்பு முறிந்தது. செவியாவிலிருந்து டியெகோ லோபெஸை வாங்கினார்கள். கை குணமானபோது இடம் இல்லை.

இதில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். லோபெஸ் அந்த மாதங்களில் நன்றாகவே ஆடினார். உயரமானவர், கிராஸ்களில் திடமானவர். மொரின்யோவுக்குப் பின் வந்த கார்லோ அன்செலோட்டிக்கு யாரோடும் பகை இல்லை. அவரும் லீக் ஆட்டங்களுக்கு லோபெஸையே வைத்து, கசியாஸுக்கு சாம்பியன்ஸ் லீக்கையும் மன்னர் கோப்பையையும் மட்டும் கொடுத்தார். ஆகவே எல்லாமே பழிவாங்கல் என்று சொல்ல முடியாது. கோல்கீப்பர் வேலையே அப்போது மாறிக்கொண்டிருந்தது. பார்சிலோனாவில் விக்டர் வால்டெஸ், ஜெர்மனியில் மனுவேல் நொயர் போன்றவர்கள் கோல் கோட்டை விட்டு வெகுதூரம் முன்னால் வந்து, காலால் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர்கள். கசியாஸிடம் இல்லாதது எதுவோ அதையே எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

2014 மே 24, லிஸ்பனில் அட்லெடிகோ மாட்ரிட்டோடு சாம்பியன்ஸ் லீக் இறுதி. கோல் கோட்டிலிருந்து வெளியே வந்தார், பாதி வழியில் நின்றார், கோடின் தலையால் முட்டிய பந்து அவரைத் தாண்டி மெதுவாக உள்ளே போனது. செர்ஹியோ ராமோஸ் 93-வது நிமிடத்தில் சமன் செய்திருக்காவிட்டால், அர்கோனடாவின் கதையாகியிருக்கும். ரியல் 4-1 என்று வென்று பத்தாவது முறை கோப்பை வாங்கியது, தூக்கியவர் கசியாஸ். மூன்று வாரம் கழித்து பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையில் காப்பாற்ற யாரும் இல்லை. நெதர்லாந்து 5, ஸ்பெயின் 1. முன்னே வந்து நின்றபோது வான் பெர்சி பறந்து முட்டிய பந்து தலைக்கு மேலே போனது. பின்னால் கொடுத்த பந்து காலில் நிற்காமல் போய் வான் பெர்சிக்கே இன்னொரு கோல். நான்கு வருடத்துக்கு முன் தடுக்கப்பட்ட ராபன் அன்று இரண்டு கோல் அடித்தார். ஐந்தாவது கோலில் கசியாஸ் தரையில் தவழ்ந்து பந்தைத் தேடியதை இப்போதும் என்னால் முழுசாகப் பார்க்க முடிவதில்லை.

2015 ஜூலையில் ரியலைவிட்டுப் போனார். 25 வருடம் இருந்த கிளப், 725 ஆட்டங்கள், ஐந்து லீக் பட்டங்கள், மூன்று சாம்பியன்ஸ் லீக். விடைபெற்ற செய்தியாளர் சந்திப்பில் மேடையில் அவர் ஒருவர்தான். காகிதத்தை வைத்துக்கொண்டு அழுகையை அடக்கி அடக்கிப் படித்தார். மறுநாள் கிளப் அவசரமாக இன்னொரு விழா வைத்தது, ஆனால் அந்த முதல் படம் அழியவில்லை.

போர்ச்சுகலின் போர்ட்டோவில் அவர் ஆடியதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2017 அக்டோபரில் அங்கேயும் பெஞ்சில் உட்காரவைத்து ஜோசே சா என்ற இளைஞரை ஆடவைத்தார்கள். 36 வயது, வாங்காத கோப்பை இல்லை, கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். காத்திருந்தார். சில மாதங்களில் இடம் திரும்பியது, பென்ஃபிகாவின் தொடர்ச்சியான நான்கு பட்டங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்து போர்ட்டோ லீக்கை வென்றது. இருபது சாம்பியன்ஸ் லீக் பருவங்களில் ஆடிய முதல் ஆள் ஆனதும் போர்ட்டோ சட்டையில்தான். 2019 மே 1 அன்று பயிற்சியின்போது மாரடைப்பு. பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு ஒரு போட்டியிலும் ஆடவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று ஓய்வை அறிவித்தார். ஸ்பெயினுக்கு ஆடியது 167 ஆட்டங்கள்.

ஆக, என் பதில்: எல்லாம் தெரிந்த முழுமையான கோல்கீப்பர் என்றால் கசியாஸ் இல்லை. பஃபோன் அவரைவிட முழுமையானவர், நொயர் அவரைவிடப் பரந்த ஆட்டக்காரர். ஆனால் ஒரே ஒரு அடி, அதைத் தடுத்தால்தான் கோப்பை என்றால், கோலில் யாரை நிறுத்துவேன் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் அவர் பெயரைச் சொல்வேன்.

பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பதாகச் சொன்னீர்கள். 2009 அக்டோபர் 4, செவியாவுக்கு எதிரான ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரியல் தோற்ற ஆட்டம், 2-1. பந்து கோலின் ஒரு பக்கத்திலிருந்து குறுக்கே போகிறது, மறுபக்கம் பெரோட்டி மிக அருகில் காலி கோலை நோக்கி அடிக்கிறார். கசியாஸ் ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்குப் போய் அதைத் தட்டிவிடுகிறார். முதல் முறை பார்க்கும்போது கை மட்டும்தான் கண்ணில் படும். திரும்ப ஓட்டி, பெரோட்டி அடிப்பதற்கு முந்தின கணத்தில் நிறுத்தி, கசியாஸின் பாதங்களைப் பாருங்கள்.